கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

போனில் இதைப் பேச முடியவில்லை. நான் புத்தகம் என்று ஆரம்பித்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கு மீட்டிங் என்று கேட்கத் தெரியாதவன் இல்லை நான். கேட்டால் நீ இன்னொரு பொய் யோசிக்க வேண்டும், பாவம் என்று விட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் விரல் தொடுவது ஒரு எழுத்து, விழுவது வேறு எழுத்து. போன தடவை உனக்கு வாழ்த்து அனுப்பப் போய் அது தெருக்காரர்கள் குரூப்புக்குப் போய், ஆளாளுக்குக் கும்பிடு போட்டுவிட்டார்கள். அதனால்தான் காகிதம். கூரியரில் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கியபின் பிரிக்காமல் இருக்கும் அளவுக்கு நீ கல்நெஞ்சக்காரன் இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேகக் கதையின் எட்டாவது பாகத்தை, அதாவது கடைசிப் பாகத்தை, நீ பாதியில் மூடிவைத்துவிட்டாய். மூடவைத்தது நான்தான் என்கிறாய். நான் அதைப் படித்து முடித்துவிட்டேன். முடித்ததைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே ஆள் நீ. நீ முடிக்காத வரை நான் வாய் திறக்க முடியாது. போன வாரம் நாம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாய். அங்கே மழையா என்றேன், இல்லை என்றாய். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றேன், கொடுங்கள் என்றாய். அவ்வளவுதான். நமக்கு நடுவில் இத்தனை வருஷம் ஓடிய பேச்சில் முக்கால்வாசி அந்தக் கதைதான் என்பது அது நின்றபிறகுதான் எனக்கு உறைத்தது. இப்படியே விட்டால் நீயும் நானும் சாப்பாட்டையும் மழையையும் விசாரித்துக்கொண்டே மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டியதுதான். எனக்கு அது வேண்டாம்.

இதைக் கயல்விழியும் படிப்பாள் என்று தெரியும். அவள் நம் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவளுக்கு முன்கதை தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததாக இருந்தாலும் பொறுத்துக்கொள். நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். நான் உன்னைக் கூட்டிப் போனது கணக்கு வழிகாட்டி வாங்குவதற்கு. நீ கையில் எடுத்துக்கொண்டு நின்றது இதன் முதல் பாகத்தை. மழை தானாகப் பெய்யாத ஒரு நாடு. மேகங்களை ஆட்டுக்கிடை மாதிரி மலைக்கு ஓட்டிப்போய் மேய்த்து, கொழுக்க வைத்து, வயல்களுக்கு ஓட்டிவர வேண்டும். அப்படி மேய்க்கிற பெண் வெண்ணி. அவளுக்குக் கூட்டாளி சடையாண்டி என்கிற கிழவர். பாதி மந்திரம் மறந்துபோனவர், போகிற ஊரிலெல்லாம் வெற்றிலைக்குக் கை நீட்டுகிறவர். நான் அட்டையைப் பார்த்துவிட்டு, மேகத்தை மேய்க்கிறதாம், நம்மூரில் ஆடு மேய்க்கவே ஆள் இல்லை என்றேன். நீ கணக்கு வழிகாட்டியைத் திருப்பி வைத்துவிட்டு இதை என் கையில் கொடுத்தாய்.

நான் அதைப் படிக்க ஆரம்பித்தது தற்செயல். ஒரு நாள் பேப்பர்காரர் வரவில்லை. காளவாசலில் பஸ் ஏறிக் கப்பலூர் போய்ச் சேரும்வரை கையில் எதையாவது வைத்திருக்கவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். உன் மேஜைமேல் கிடந்ததை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குக் கப்பலூரில் இறங்காமல் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன். கண்டக்டர் வந்து தட்டித்தான் எழுப்பினார், ஆனால் நான் தூங்கவில்லை. கம்பெனியில் டயர் பஞ்சர் என்று சொல்லிச் சமாளித்தேன். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டும் வாஷரும் எண்ணிக் கொடுக்கிறவன், சடையாண்டி அந்தப் பாலத்தைத் தாண்டினாரா இல்லையா என்று மத்தியானம் வரைக்கும் தவித்ததை யாரிடம் சொல்ல முடியும்? சாயங்காலம் வந்து உன்னிடம்தான் கேட்டேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சொல்ல மாட்டேன், படிச்சுத் தெரிஞ்சுக்கங்க" என்றாய். அதுதான் நம் வீட்டுச் சட்டத்தின் ஆரம்பம்.

சட்டம் உனக்கு நினைவிருக்கும். புத்தகம் ஒன்று, படிக்கிறவர்கள் இரண்டு பேர். பகலில் பஸ்ஸில் எனக்கு, சாயங்காலத்துக்குப் பிறகு உனக்கு. அதற்குள் இரண்டு அடையாளங்கள் இருக்கும். என்னுடையது காலாவதியான பஸ் பாஸ், உன்னுடையது குச்சி ஐஸின் குச்சி. முன்னால் போய்விட்டவன் வாயைத் திறக்கக் கூடாது. பின்னால் இருப்பவன் இது நடக்குமா, அது நடக்குமா என்று எப்படிக் கேட்டாலும் ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது. இதை நாம் கோயில் சத்தியம் மாதிரி காப்பாற்றினோம். நீ செய்த திருட்டுத்தனம் ஒன்றே ஒன்றுதான். நான் உன்னை முந்திவிட்டால் என் பஸ் பாஸை எடுத்து இரண்டு அத்தியாயம் பின்னால் செருகிவிடுவாய். நான் அது தெரியாமல் படித்ததையே மறுபடி படித்துக்கொண்டு போவேன். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும்போது பஸ் திருநகர் தாண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து முறைத்தால், "சடையாண்டிக்குத்தான் மறதின்னு நெனச்சேன்" என்பாய். உன் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறாள்.

நாலாம் பாகத்தில்தான் கருக்கல் செத்தது. வெண்ணி கைக்குழந்தை மாதிரி வளர்த்த கறுப்பு மேகக்குட்டி. நீ அப்போது பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டிய பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் போய்ச் சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாய். சாவு வீட்டுக்குக் கேதத்துக்குப் போய்வந்தவன் மாதிரி. எனக்குக் கறி வேண்டாம் என்றாய். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காவிட்டால் மதுரையில் விடியாது என்று நினைக்கிற பிள்ளை சொல்கிறது! காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், உனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. நீ சட்டத்தை மீறவில்லை, யார் செத்தது என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் அந்த அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "என்னண்ணே, யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கறி எடுக்கவில்லை. அதிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. கதையில் யாராவது செத்தால் படித்தவன் தலைக்கு ஊற்றுவான், அந்த ஞாயிறு கறி கிடையாது. ஆறாம் பாகத்தில் ஒரு போரே நடந்தது. உன் அம்மா அரைத்த மசாலாவைக் கையில் வைத்துக்கொண்டு, "புத்தகத்துல சாகுறவனுக்கெல்லாம் நான் விரதம் இருக்கணுமா?" என்று கேட்டது தெருவுக்கே கேட்டது.

நீ காலேஜுக்குப் போனாய், வேலைக்குப் போனாய், பாகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எட்டாவது வந்தபோது உன் கல்யாண வேலை தலைக்குமேல் கிடந்தது. முதல் தடவையாக இரண்டு பிரதி வாங்கினேன், ஏனென்றால் இனிமேல் ஒரே புத்தகத்தை நீ சாயங்காலமும் நான் பகலும் படிக்க முடியாது. ஒரே புத்தகத்தை இரண்டு வாங்குகிற கூத்து உண்டா என்றாள் அம்மா. சீர்த்தட்டில் ஒன்றை வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் புனேவுக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில்தான் உன் பையின் பக்கவாட்டில் செருகினேன். வண்டி கிளம்பும் நேரத்தில் உன்னைக் காணோம். தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாய். பையில் ஏற்கெனவே அம்மா வைத்த தண்ணீர் நாலு பாட்டில் இருந்தது. ரயில் நகர்ந்தபிறகு ஓடிவந்து ஏறி, கதவருகில் நின்று கையை ஆட்டினாய். முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவிடவில்லை.

கடைசிப் பாகத்தை நான் படித்த விதத்தைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். முதல் பாதி வழக்கம்போல ஓடியது. பிறகு மிச்சமிருக்கும் பக்கங்களை விரலால் கனம் பார்க்க ஆரம்பித்தேன். வலது கைப் பக்கம் மெலிய மெலிய எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு நாள் ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். பிறகு பாதி அத்தியாயம். சில நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தேன். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்பேன். அடிவாரத்தில் நிற்கிறேன் என்பாய். சடையாண்டி தனியாக மலை ஏறிப் போகிறார், வெண்ணியை அடிவாரத்தில் நிற்கச் சொல்கிறார், அவள் மேகங்களை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், அந்த இடம். அடுத்த வாரமும் அடிவாரம்தான் என்றாய். அதற்கடுத்த வாரமும். கயல்விழி ஒரு தடவை போனை வாங்கி, "மாமா, அவர் அந்தப் பக்கத்தையே ரெண்டு மாசமா வச்சிருக்காரு, நகர மாட்டேங்கிறாரு" என்றாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் அதற்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வரும்போது, திருப்பரங்குன்றத்துக்கும் பழங்காநத்தத்துக்கும் நடுவில் புத்தகம் முடிந்தது. முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன், வெள்ளையாக இருந்தது. இன்னொன்றைத் திருப்பினேன், பதிப்பகத்தின் மற்ற புத்தகங்கள், சமையல் குறிப்பு, ஜோதிடம். காளவாசலில் இறங்கினேன். ஷேர் ஆட்டோ ஏறத் தோன்றவில்லை, கோச்சடைக்கு நடந்தே வந்தேன். வீட்டுக்குள் நுழையாமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போய், சட்டை, பேண்ட், பாக்கெட்டில் இருந்த கண்ணாடி எல்லாவற்றோடும் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அம்மா ஓடிவந்து, யார் கேதத்துக்குப் போய்விட்டு வருகிறீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று பதறினாள். யாரும் இல்லை என்றேன். யாரும் இல்லாமல் எதற்கு ஊற்றுகிறீர்கள் என்றாள். எனக்கே தெரியவில்லை, அவளுக்கு எதைச் சொல்வது? மறுநாள் காலையில் கறிக்கடைப் பக்கம் போனேன். பாய் எனக்கென்று நெஞ்செலும்பு எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி, பீர்க்கங்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்த மாதிரி அல்ல. அம்மா உனக்குப் போன் போட்டு முறையிட்டாள். "உங்கப்பா நேத்து சட்டையோட தலைக்கு ஊத்துனாரு. இன்னைக்குக் கறியும் எடுக்கல. கேட்டா புத்தகம்ன்றாரு." ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீ மெதுவாக, "சடையாண்டியாப்பா?" என்றாய். நான் பேசவில்லை. நம் சட்டம் அப்படி. நீ ஏழாம் வகுப்பில் போட்ட சட்டம், நான் ஒரு தடவைகூட மீறியதில்லை. ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. நல்ல பிள்ளையாக வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சரிப்பா, புரிஞ்சிருச்சு" என்று வைத்துவிட்டாய். அடுத்த வாரம், "அவரு சாகுறத நான் போயி பாக்கணுமா? நான் படிக்கல, விட்டுருங்க" என்றாய். ஊரில் வேறு எந்த வீட்டிலாவது அப்பன் பீர்க்கங்காய் வாங்கிய குற்றத்துக்கு மகன் கோபித்துக்கொள்வானா?

நீ கோபமாக இருந்த அந்த வாரங்களில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்கிறேன். வேறு புத்தகம் எடுத்தேன், யார் யாரோ வந்தார்கள் போனார்கள், ஒருத்தர்மேலும் எனக்கு அக்கறை வரவில்லை. அந்த எழுத்தாளர்மேல் கோபம் வந்தது. நம்மை இத்தனை வருஷம் கூட்டிக்கொண்டு போனவர் ஒரு வார்த்தை சொல்லாமல் வெள்ளைத் தாளில் இறக்கிவிட்டுப் போகலாமா? டவுன்ஹால் ரோட்டுக் கடையில் போய் ஒன்பதாம் பாகம் வருமா என்று விசாரித்தேன். கடைக்காரர் என் தலை நரையைப் பார்த்துவிட்டு, பேரனுக்கா சார் என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், உனக்கு ஒரு பிள்ளையைக் கணக்கில் சேர்த்ததற்கு மன்னித்துக்கொள். கம்பெனியில் கூடச் சாப்பிடுகிற பாண்டியண்ணனிடம் கதையைச் சுருக்கிச் சொன்னேன். புளியோதரையைச் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவருக்கு பென்சன் உண்டா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கப்பலூருக்கு மேலே கறுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் ஸ்டோர்ஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகப்போகிறவன் மேகத்தைப் பார்த்து நிற்கிறானே என்று பையன்கள் பேசியிருப்பார்கள். பேசட்டும்.

யோசிக்க நிறைய நேரம் கிடைத்ததில் உன்னைப் பற்றியும் யோசித்தேன். நீ அடிவாரத்தில் நின்றது நான் தலைக்கு ஊற்றுவதற்கு முன்னால். கயல்விழி சொன்ன இரண்டு மாதமும் அதற்கு முன்னால்தான். ஆக, உன்னை நிறுத்தியது என் பீர்க்கங்காய் இல்லை. உனக்கு எதையும் முடிக்கப் பிடிக்காது. சின்ன வயசில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தால் அடியில் கிடக்கும் ஐஸ்கிரீமை அப்படியே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று அடம்பிடிப்பாய். மேட்சில் கடைசி ஓவர் வந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவாய். ரயில் கிளம்பும்போது தண்ணீர் வாங்கப் போவாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் அந்தப் புத்தி உண்டு, இல்லாவிட்டால் பாதி அத்தியாயம் என்று கஞ்சத்தனம் பண்ணியிருப்பேனா? ஆனால் ஒன்று சொல்கிறேன். குடிக்காமல் வைத்த ஜிகர்தண்டா அரசரடி வருவதற்குள் வெறும் தண்ணீராகிவிட்டது. நீ அதைப் பார்த்து அழுதாய். குடித்திருந்தால் ருசியாவது இருந்திருக்கும்.

இனிமேல் நான் சட்டத்தை மீறப்போகிறேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயத்தில். உனக்கு இஷ்டமில்லை என்றால் இங்கேயே மடித்து வைத்துவிடு, இதற்குக் கீழே இருப்பது கயல்விழிக்கு என்று வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். திடீரென்று, "அந்தப் பிள்ள வெண்ணிக்குக் கடைசில என்ன ஆச்சு?" என்று கேட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் ஒரு பாகத்தையும் தொட்டதில்லை. நாம் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சண்டை போட்டதைக் கேட்டே கதை முழுவதையும் தெரிந்து வைத்திருக்கிறாள். உனக்கு இது புரியாது என்று நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம், நீ கயல்விழியிடம் சொல்லாதே. சரி என்று கடைசிப் பாகம் முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

"இம்புட்டுத்தானா? யாருமே சாகலையா?"

இல்லை என்றேன்.

"எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க? பெறகு யாருக்குத் தலைக்கு ஊத்துனீங்க?"

நான் மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தேன். அவள் தொலியையெல்லாம் ஒதுக்கிவிட்டு, "இவன் ரயில் ஏறுன அன்னைக்கும் இப்படித்தான் சாப்பிடாம படுத்தீங்க. அவனும் நல்லாத்தான இருக்கான்" என்றாள்.

ஆமாம் தம்பி, யாரும் சாகவில்லை. சடையாண்டி இருக்கிறார். மலைமேல் என்ன நடந்தது, எப்படி இறங்கினார், இறங்கினாரா என்பதையெல்லாம் கேட்காதே, அதற்குச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. யாராவது செத்திருந்தால் எனக்குக் கஷ்டமே இல்லை. சாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். போக வேண்டும், மாலை போட வேண்டும், வந்து குளிக்க வேண்டும், கறியை விட வேண்டும், பிறகு ஒரு நாள் கறி எடுக்க வேண்டும். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் மட்டும் இனி அங்கே இல்லை. இதற்கு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் தெரிந்ததைச் செய்தேன், தலைக்கு ஊற்றினேன். நீ போன அன்றைக்கும் ஊற்றியிருப்பேன், பிள்ளை புதுக் குடித்தனம் போயிருக்கிற நாளில் அப்படிச் செய்யக் கூடாது என்பதால் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். நீ அங்கே நன்றாக இருக்கிறாய். கயல்விழி பாலக் பனீர் செய்து போட்டோ அனுப்புகிறாள், நீ கொஞ்சம் தொப்பைகூட போட்டுவிட்டாய். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சாயங்காலமானால் உன் மேஜைப் பக்கம் பார்க்கிறேன்.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால் நானே விரட்டிவிடுவேன். நான் கேட்பதெல்லாம் நீ அந்தப் புத்தகத்தை முடிக்க வேண்டும் என்பதுதான். முடித்தால் உனக்கும் ஒரு வெள்ளைத் தாள் வரும். அன்றைக்கு உனக்குக் குளிக்கத் தோன்றினால் குளி, அழத் தோன்றினால் அழு, ஏன் என்று கயல்விழி கேட்டால் உட்காரவைத்து முதல் பாகத்திலிருந்து சொல்லு. பிறகு எனக்குப் போன் போடு. கடைசி அத்தியாயத்தில் ஒரு இடம் இருக்கிறது, அதில் அந்த எழுத்தாளர் செய்தது சரியா தப்பா என்று எனக்கு உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. நான் என் வாதங்களையெல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். சாப்பிட்டாயா, மழையா என்று கேட்க மாட்டேன், சத்தியமாக.

இன்றைக்குக் காலையில் கறி எடுத்தேன். பாய் நெஞ்செலும்பைப் போட்டுக்கொண்டே என்ன சார் கோபம் தீர்ந்ததா என்றார். அம்மா மல்லி வறுக்கிற வாசனை வருகிறது. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் என் எட்டாம் பாகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் கிடந்த பஸ் பாஸை உருவி, நீ முன்னெல்லாம் செய்வாயே, அதே மாதிரி பின்னால் கொண்டுபோய்ச் செருகிவிட்டேன். இந்தத் தடவை இரண்டு அத்தியாயம் இல்லை, பாதிப் புத்தகம். வெண்ணி அடிவாரத்தில் நிற்கிற பக்கம். நீ எப்போது கிளம்பினாலும் ஒரு வார்த்தை சொல்லு, நானும் அங்கேயிருந்தே கூட வாரேன்.

அப்பா